தொழிலைத் தேடுமுன் பாதையைப் பார்ப்போம்



இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவி வழங்கும் நிறுவனங்களின் படிவங்களில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கும்: நீங்கள் தொடங்க விரும்பும் தொழில் எது? மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் மண்சரிவில் இழந்தவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னால் பேனையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருப்பதை நாங்கள் பல தடவை கண்டிருக்கிறோம். உருளைக்கிழங்கு நடத் தெரிந்தவரிடம் நிலம் இல்லை. மாடு வளர்க்கத் தெரிந்தவரிடம் புல்வெட்ட இடம் இல்லை. கடைசியில் பலரும் எழுதுவது ஒரே சொல்தான்: 'கடை'. சிலர் 'முச்சக்கரவண்டி' என்றும், சிலர் 'தையல்' என்றும் எழுதுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊவா மலைச்சாரலில் புதிதாக அமைந்த ஒரு குடியிருப்பில் நாற்பது குடும்பங்களோடு நாங்கள் வேலை செய்தோம். ஆறு குடும்பங்கள் சில்லறைக் கடை வைக்க உதவி கேட்டன. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுப்பது நியாயமல்ல என்று நினைத்து ஆறு பேருக்கும் கொடுத்தோம். ஒன்றரை வருடத்தில் ஐந்து கடைகள் மூடப்பட்டன. வியாபார அனுபவம் போதாது என்று அப்போது எங்கள் அறிக்கையில் எழுதினோம். இன்று அந்த வரியை வாசிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அனுபவம் போதாமல் இருந்தது அவர்களுக்கு அல்ல. மலையையும் பாதையையும் பார்த்துக் கணக்குப் போடாமல் பணத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அந்தப் பிழையிலிருந்து நாங்கள் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேவைத்துறை என்றால் என்ன?

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மூன்று பகுதிகளாகப் பிரிப்பது வழக்கம். விவசாயம், மீன்பிடி போன்றவை ஒன்று. ஆலைகளும் கட்டட வேலையும் இரண்டாவது. மூன்றாவது சேவைத்துறை. கடை, பஸ், வங்கி, பாடசாலை, வைத்தியசாலை, சலூன், ஹோட்டல், தொலைபேசி, கச்சேரி எல்லாம் இதில் அடங்கும். இன்று இலங்கையின் தேசிய வருமானத்தில் பாதிக்கு மேல் இத்துறையிலிருந்தே வருகிறது. ஆகவே நிலத்தை இழந்தவர்கள் இத்துறையை நோக்குவது இயல்பு.

ஆனால் சேவைக்கும் விளைபொருளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெலிமடையில் விளைந்த உருளைக்கிழங்கை மூட்டை கட்டி கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்திற்கு அனுப்பலாம். அங்கிருந்து லொறியில் கொழும்புக்கும் போகும். முடி வெட்டுவதை மூட்டை கட்ட முடியாது. பஸ்ஸில் இன்று காலியாகப் போன இருக்கையை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. பெரும்பாலான சேவைகளில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பு எங்கே, எப்போது நடக்கும் என்பதை மலையும் ஆறும் மழையும் பாதையும் தீர்மானிக்கின்றன. விவசாயி மண்ணின் தரத்தைப் பார்ப்பதுபோல, சேவைத் தொழில் செய்பவர் ஆட்கள் நடமாடும் வழியைப் பார்க்க வேண்டியுள்ளது.

ஊவாவின் பாதைகள் யாருக்காகப் போடப்பட்டன?

இலங்கையில் புகையிரதம் 1864ல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை வந்தது. 1867ல் கண்டியை அடைந்தது. கோப்பியைத் துறைமுகத்திற்கு இறக்குவதே அதன் பெரிய நோக்கம். 1869ல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலையைத் தேடிப் புகையிரதப் பாதை மேலும் மலையேறியது. 1893ல் அப்புத்தளைக்கும், 1894ல் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது. பதுளையை அது அடைந்தது 1924ல்தான்.

அந்த இடைக்காலத்தில் பண்டாரவளை புகையிரதத்தின் கடைசி நிலையமாக இருந்தது. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்க வேண்டும். எல்லாப் பெட்டிகளும் வண்டி மாற வேண்டும். வண்டிக்காரர், சுமைகாரர், சாப்பாட்டுக் கடைக்காரர், தங்குமிடம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு அப்படிப்பட்ட இடத்தில் வேலை கிடைக்கும். அதனுடன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் கிடைக்கும் குளிர்ந்த காலநிலையும் சேர்ந்தது. பண்டாரவளை ஒரு வியாபார நகரமாகவும் ஓய்வுக்கு வருவோரின் நகரமாகவும் வளர்ந்ததற்கு இவையே காரணங்கள்.

ஆனால் தோட்டத்திற்குள் நிலைமை வேறு. தோட்டப் பாதைகள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கும், தேயிலைப் பெட்டியைப் புகையிரத நிலையத்திற்கும் கொண்டுபோகப் போடப்பட்டவை. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்திற்கோ, லயத்திலிருந்து நகரத்திற்கோ ஆட்கள் போய்வருவதற்காகப் போடப்பட்டவை அல்ல. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. மருந்துச்சாலை, பிள்ளைக் காம்பரா எல்லாம் தோட்டத்திற்குள்ளேயே இருந்தன. நூறு வருடத்திற்கு மேல் வேலைசெய்த சனத்தைச் சுற்றி ஒரு நல்ல கடைத்தெருகூட வளராமல் போனதற்கு இது ஒரு முக்கிய காரணம். சனம் இருந்தது, ஆனால் கையில் காசும், கால் போக வழியும் இருக்கவில்லை. இன்றும் பல தோட்டப் பிரிவுகளில் அந்தப் பழைய பாதைதான் இருக்கிறது. அதனால் பிரதான வீதிக்கு வர ஒரு முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு, அங்கிருந்து பதுளைக்குப் போகும் பஸ் கட்டணத்தை விட அதிகமாகிவிடுகிறது.

இரண்டு எண்களை அறிந்துகொள்வோம்

வால்ற்றர் கிறிஸ்ரல்லர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933ல் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். எந்தச் சேவைக்கும் இரண்டு எல்லைகள் உண்டு என்பதே அதன் சாரம். முதலாவது, அந்தச் சேவை நிலைத்திருக்கக் குறைந்தது எத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும் என்பது. இரண்டாவது, அதைப் பெற மக்கள் கூடியது எவ்வளவு தூரம் வருவார்கள் என்பது.

இதை நம் இடத்தில் வைத்துப் பார்ப்போம். தேத்தண்ணீர் குடிக்க யாரும் ஒரு மணித்தியாலம் நடக்க மாட்டார்கள். அதனால் தேத்தண்ணீர்க் கடை ஒவ்வொரு சந்தியிலும் இருக்கும். பாடசாலைச் சப்பாத்து வாங்க பசறைக்கோ பண்டாரவளைக்கோ போவோம். பெரிய சத்திரசிகிச்சை, வழக்கு, காணி உறுதி, பல்கலைக்கழகம் என்றால் எவ்வளவு தூரமானாலும் போவோம். அதனால் மாகாணத்தின் பெரிய வைத்தியசாலையும் நீதிமன்றங்களும் கச்சேரியும் பதுளையில் இருக்கின்றன. 2005ல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் பதுளையிலேயே அமைந்தது.

கிறிஸ்ரல்லர் தம் கணக்கைச் சமவெளியை மனதில் வைத்துப் போட்டார். மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். எதிர்மலையில் தெரியும் கடைக்குப் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போக ஒரு மணித்தியாலம் ஆகலாம். மேலே இருப்பவர் கீழே உள்ள கடைக்கு வருவார். கீழே இருப்பவர் சுமையோடு மேலே உள்ள கடைக்கு ஏறமாட்டார். ஆகவே இங்கே கடை வைக்க நல்ல இடம் பெரும்பாலும் பாதைகள் கூடும் சந்தியே. ஹாலி-எலயில் கண்டி வீதியும் பண்டாரவளை வீதியும் சேர்கின்றன. மலையடிவாரத்தில் உள்ள வெல்லவாயவில் எல்ல, கொஸ்லந்தை, மொனராகலை, ஹம்பாந்தோட்டை ஆகிய நான்கு பக்கத்துப் பாதைகளும் சந்திக்கின்றன. அந்த இடங்களில் சாப்பாட்டுக் கடைகளும் வாகனம் திருத்தும் இடங்களும் நிறைந்திருப்பது தற்செயலானது அல்ல.

இப்போது எங்கள் ஆறு கடைகளுக்கு வருவோம். ஒரு உதாரணக் கணக்குப் போடலாம். நாற்பது வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாவுக்கு அருகிலுள்ள கடையில் சாமான் வாங்குகிறது என்று வைப்போம். மொத்த விற்பனை 12,000 ரூபா. பத்து வீதம் இலாபம் என்றால் 1,200 ரூபா. ஒரு கடை என்றால் ஒரு குடும்பம் ஏதோ சமாளிக்கலாம். அதையே ஆறு கடைகள் பங்குபோட்டால் ஒவ்வொன்றுக்கும் 200 ரூபா. இதற்குள் கடனுக்குக் கொடுத்தது திரும்பி வரவேண்டும். நகரத்திலிருந்து சாமான் ஏற்றிவரும் கூலியும் கழிய வேண்டும். அந்தக் குடியிருப்பு பாதை முடியும் இடத்தில் இருந்தது. வெளியிலிருந்து ஒருவரும் அதைக் கடந்து போவதில்லை. நாற்பது வீட்டுக்கு அப்பால் நாற்பத்தோராவது வாடிக்கையாளர் கிடையாது. இந்தச் சிறு கணக்கை நாங்கள் முதலிலேயே போட்டிருந்தால் ஐந்து குடும்பங்கள் கடனாளியாகியிருக்க மாட்டா.

எல்ல நகரம் சொல்லும் பாடம்

சில சேவைகள் இடத்தோடு பிறந்தவை. அவற்றை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. எல்ல நகரம் இதற்கு நல்ல உதாரணம். மலைத்தொடரில் உள்ள ஓர் இடைவெளி வழியாகத் தென்புறச் சமவெளி முழுவதும் அங்கிருந்து தெரியும். அருகில் இராவணா நீர்வீழ்ச்சி இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. தெமோதரையில் புகையிரதப் பாதை வட்டமாகச் சுற்றித் தன் நிலையத்திற்குக் கீழேயே சுரங்கத்தில் செல்கிறது. இவையெல்லாம் பல காலமாக அங்கேயே இருந்தவை. கொழுந்து மலையிலிருந்து தினமும் அவற்றைப் பார்த்தவர்களுக்கு அதில் வருமானம் எதுவும் வரவில்லை. வெளிநாட்டவர் புகையிரதத்தில் வந்து படமெடுத்து உலகமெங்கும் அனுப்பத் தொடங்கியபின் அதே காட்சி தொழிலாக மாறியது. அறைகள், சாப்பாட்டுக் கடைகள், முச்சக்கரவண்டிகள், வழிகாட்டிகள், செவ்விளநீர் விற்பவர்கள் என்று ஓர் ஊரே அதை நம்பி எழுந்தது.

இதைக் கண்டு நம் இளைஞர் பலர் உல்லாசப் பயணத் துறையில் இறங்க ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும்.

ஒன்று, பயணி நிற்கும் இடத்தில்தான் காசு இறங்கும். கடந்துபோகும் இடத்தில் இறங்காது. எல்லவிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள லயங்களைப் புகையிரத ஜன்னலிலிருந்து பார்த்துக் கையசைத்துவிட்டுப் பயணிகள் போய்விடுகிறார்கள். நிற்கவேண்டிய காரணம் இல்லாத இடத்தில் விடுதி கட்டினால் கடன்தான் மிஞ்சும்.

இரண்டாவது, தூரத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் திடீரென்று வராமலும் போகலாம். 2018ல் இலங்கைக்கு ஏறத்தாழ 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத்தாக்குதல்களும், அடுத்த ஆண்டு பரவிய கொரோனாவும் அதைக் குலைத்தன. 2021ல் வந்தோர் இரண்டு இலட்சத்திற்கும் குறைவு. 2022ல் எரிபொருள் இல்லாமல் நாடே நின்றது. 2024ல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலையைச் சரித்தது. மலைநாட்டுப் புகையிரதப் பாதையையும் உடைத்தது. உல்லாசப் பயணத்தை ஒரு கையால் பிடியுங்கள். மற்றக் கையில் அயலவருக்குப் பயன்படும் வேறொரு தொழில் இருக்கட்டும்.

மழைக்கும் காற்றுக்கும் தொழிலில் பங்குண்டு

ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் தொடங்கி தை மாதம் வரை நமக்கு மழை. யூலை முதல் செப்ரெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணம் ஏறுகிறது. விவசாயிகளான உங்களுக்கு இந்தக் காலங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அறிவைச் சேவைத் தொழிலுக்கும் பயன்படுத்துங்கள். மழைக்காலத்தில் எந்தப் பாதை மூடும்? தோட்டத்தில் சம்பளம் எந்த நாள்? கொழுந்து குறையும் மாதம் எது? மரக்கறி விற்றுக் காசு வரும் மாதம் எது? கடனுக்குத் தவணை போடும்போது இந்த மாதங்களைப் பார்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஓர் இடத்தில் ஆட்கள் போதாவிட்டால் கடையை அங்கே ஊன்றாமல் நாமே ஆட்களிடம் போகலாம். வாரச் சந்தை என்பது இதே யோசனைதான். ஒரே வியாபாரி திங்கள் ஒரு ஊரிலும் புதன் இன்னொரு ஊரிலும் விரிப்பார். சம்பள நாளில் புடவைக்காரர் லயத்திற்கு வருவதும் இதனால்தான். சலூன் வைக்க ஆட்கள் போதாத ஐந்து தோட்டப் பிரிவுகளை, வாரத்தில் ஒரு நாள் வீதம் சுற்றிவருபவருக்கு ஐந்து பிரிவின் ஆட்களும் வாடிக்கையாளர்கள். தையல் மெசின் திருத்துதல், மின்சார வேலை, குழாய் வேலை ஆகியவற்றையும் இப்படிச் செய்யலாம்.

மலையைத் தாண்டிச் செல்லும் சேவைகளும் இன்று உண்டு. தொலைபேசி வழியே செய்யும் கணக்கு வேலை, தட்டெழுத்து, மொழிபெயர்ப்பு போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் நேரில் வரவேண்டியதில்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு இந்தியாவிலும் பிலிப்பைன்சிலும் இருந்துகொண்டே பதில் சொல்கிறார்கள். ஆனால் இதற்கும் சிக்னல் வேண்டும், மின்சாரம் வேண்டும், மொழி வேண்டும். பள்ளத்தில் இருக்கும் குடியிருப்பில் சிக்னல் கிடைக்காவிட்டால் அங்கும் மலைதான் குறுக்கே நிற்கிறது. மூன்று மொழியும் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் சேவைக்கு ஊவாவில் நிச்சயம் தேவை இருக்கிறது.

புதிய இடத்திற்குச் சம்மதிக்குமுன்

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிழைத்தவர்களுக்கு மக்கல்தெனியத் தோட்டத்தில் புதிய வீடுகள் கட்டப்பட்டு 2016ல் கையளிக்கப்பட்டன. மலையகத்தில் இப்படிக் கட்டப்படும் தனிவீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி என்பது பொதுவான அளவு. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் 2014 இறுதியில் நீர்க்கசிவு ஏற்பட்டபின் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி விவசாயமும் பாதிக்கப்பட்டது. இப்போது புயலுக்குப் பின்னர் இன்னும் பல குடும்பங்கள் புதிய இடத்திற்காகக் காத்திருக்கின்றன.

புதிய இடம் தேடும்போது முதற் கேள்வி, அது சரியாத நிலமா என்பது. அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் பாதுகாப்பான இடம் என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. ஏழு பேர்ச்சில் ஒரு குடும்பம் விவசாயம் செய்து வாழ முடியாது. அப்படியானால் பிழைப்பு வெளியிலிருந்து வரவேண்டும். வெளிக்குப் போக வழி வேண்டும். கையொப்பமிடுமுன் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இவற்றைக் கேளுங்கள்:

பிரதான வீதிக்கு நடந்துவர எவ்வளவு நேரம்? சுமையோடு திரும்பி ஏற எவ்வளவு நேரம்?

பஸ் எந்த நேரத்தில் வரும்? கடைசி பஸ் எப்போது? மழைக்காலத்திலும் வருமா?

இந்த இடத்தைக் கடந்து வேறு ஊருக்குப் போகும் பாதை உண்டா, அல்லது இங்கேயே பாதை முடிகிறதா?

அரை மணி நேர நடைக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன? இப்போது அவர்கள் எங்கே சாமான் வாங்குகிறார்கள்?

தொலைபேசி சிக்னல் கிடைக்கிறதா?

சந்திக்கு அருகில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் ஒதுக்கித் தர முடியுமா?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வீடு மேட்டில் இருந்தாலும் தொழில் செய்யும் இடம் சந்தியில் இருக்கலாம். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம். தனித்தனியாகக் கையொப்பமிட்டபின் கேட்டால் ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள்.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றவனைப் பற்றி லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். உதவி கொடுக்கும் எங்களுக்கே அந்த உவமை முதலில் பொருந்தும். உட்கார்ந்து கணக்குப் பார்க்காமல் நாங்கள் கொடுத்த கடை அடைபட்டபோது, சிரிப்புக்கு ஆளானவர்கள் அந்த ஐந்து குடும்பங்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடை கொடுத்துவிட்டோம், இனி நிலம் எதற்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இழந்த விளைநிலத்திற்கு ஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. சேவைத் தொழில் அந்த உரிமைக்குப் பதில் அல்ல; அது கிடைக்கும்வரை அடுப்பு எரிவதற்கு ஒரு வழி.

மூடப்பட்ட ஐந்து கடைகளில் ஒன்றை நடத்திய அம்மா ஒருவர் பின்னர் கீழே வீதிச் சந்தியில் ஒரு சிறு கொட்டில் போட்டார். காலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பஸ்காரருக்கும் ரொட்டியும் தேத்தண்ணீரும் விற்கிறார். பழைய கடையின் தட்டுகளையும் தராசையும்தான் அங்கேயும் வைத்திருக்கிறார். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டோம். இரண்டு நாள் காலையில் வந்து சந்தியில் நின்று, எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த படிவத்தை நிரப்புமுன் நாமும் அவரைப்போல ஒரு நாள் சந்தியில் நின்று எண்ணிப் பார்ப்போம்.